டார்கெட்டை ஆபீசிலேயே விட்டுவிட்டு ஓடுங்கள்

கம்பெனி செலவில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்த வாரத்தில்தான் நம்மில் பலர் ஷூ வாங்குகிறோம். சுகர் பார்டரில், பிரஷர் கொஞ்சம் மேலே, கல்லீரலில் கொழுப்பு, அடியில் ‘உடற்பயிற்சி அவசியம்’ என்று ஒரு வரி. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரம். முதல் நாளே பூங்காவை மூச்சிரைக்க நாலு சுற்று. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவது. மூன்றாவது வாரம் முழங்காலுக்குத் தைலம். நாலாவது வாரம் ஷூ பால்கனிக்குப் போய்விடும். கேட்டால், “எனக்கு வில் பவர் பத்தாது சார்” என்பார்கள்.

வில் பவர் தேவைக்கு மேலேயே இருந்தது. கோளாறே அதுதான். இலக்கு வை, கெடு வை, கெடுவுக்கு முன்பே முடித்துக் காட்டு என்று பத்துப் பதினைந்து வருடம் வேலையில் பழகிய புத்தியோடு ஓடப் போகிறார்கள். அந்தப் புத்தி அப்ரைசலுக்கு உதவும். முப்பத்தெட்டு வயதுக் கெண்டைக்காலிடம் அது எடுபடாது.

பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். நாளில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில், இரண்டு மணி நேரம் பஸ்ஸிலோ பைக்கிலோ கழிப்பவர்கள். சுகர் ‘பார்டர்’ என்று எழுதப்பட்டவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். ஐசிஎம்ஆரும் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதற்கு முந்தைய நிலையில் 13.6 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. இரண்டாவது கூட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் திரும்பி வர வழி இருக்கிறது. அந்த வழியில் மாத்திரையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம்.

எவ்வளவு மெதுவாக?

ஜாகிங் நடுத்தர வயதினருக்கான பயிற்சியாகத்தான் பரவியது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைத் தயார் செய்தவர். அவர் உள்ளூர்த் தொப்பைக்காரர்களையும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்துக்கொண்டு மெதுவாக ஓட வைத்தார். 1962ஆம் ஆண்டுக் கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மேன் (பின்னால் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்) அந்தக் கூட்டத்தோடு ஒரு நாள் ஓடிப் பார்த்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கினார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவர் அவருக்காகத் தானும் பின்தங்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட ஓடினார். ஊர் திரும்பிய பௌவர்மேன் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967இல் ‘ஜாகிங்’ என்றே பெயரிட்டு ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பெரியவர் பேசிக்கொண்டே ஓடினாரே, வேகத்துக்கு அளவுகோல் அதுதான். ஓடும்போது மேனேஜர் போன் செய்தால், “சொல்லுங்க சார், ஒரு அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போய் மெயில் பாத்துட்டுக் கூப்பிடறேன்” என்று வாக்கியத்தை நடுவில் உடைக்காமல் சொல்ல வர வேண்டும். வரவில்லையென்றால் வேகம் அதிகம். இதற்கு வாட்ச் தேவையில்லை, ஆப் தேவையில்லை. (போனை எடுக்கவும் தேவையில்லை, அது வேறு விஷயம்.)

தொடக்கத்தில் இந்த வேகம் கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிடமாக இருக்கலாம். கை வீசி வேகமாக நடக்கும் மாமி ஒருவர் உங்களை முந்திப் போகக்கூடும். முந்தட்டும். வெட்கப்பட்டுக் காலை எட்டிப் போட்ட இடத்தில்தான் பலருக்கு எல்லாம் கெடுகிறது.

ஏன் இத்தனை பொறுமை? உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசை அடுத்தபடி. தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களும் எலும்புகளும் பல மாதம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நாலாவது, ஐந்தாவது வாரம் ஆபத்தானது. மூச்சு வாங்குவது நின்றிருக்கும். ‘நான் ரெடி’ என்று தோன்றும். தூரத்தை இரட்டிப்பாக்குவீர்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்தில் வலி பிடித்துக்கொள்ளும். முந்தின மாதம் இல்லாத வலி இப்போது எங்கிருந்து வந்தது என்று குழம்புவீர்கள். மூச்சு அனுமதி கொடுத்தாலும் கால் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மெதுவாக ஓடினால் பலன் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 55,000 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடும் வழக்கம் உள்ளவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, ஓடாதவர்களைவிட 30 சதவீதம் குறைவு. இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் குறைவு. நமக்கு முக்கியமானது இனிமேல்தான்: தினம் ஐந்து பத்து நிமிடம் மட்டும், அதுவும் மெதுவாக, ஓடியவர்களிடமும் இந்தப் பலன் தெரிந்தது. ஓடுகிறவர்கள் மற்ற பழக்கங்களிலும் ஒழுங்காக இருந்திருப்பார்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், மிச்சமிருப்பது சின்னத் தொகை இல்லை.

ஷூவுக்கு முன்னால் டாக்டர்

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் முப்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கினார். அப்போது அவர் தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர், எடை நூறு கிலோவை ஒட்டி. ஓடி ஓடி எடையைக் குறைத்தார், சிகரெட்டை விட்டார். 1977இல் அவர் எழுதிய ஓட்டப் புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1984இல், ஐம்பத்திரண்டு வயதில், வெர்மான்ட் மாநிலத்தில் ஜாகிங் போன இடத்தில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது. அவருடைய அப்பாவுக்கு முப்பத்தைந்தில் முதல் மாரடைப்பு, நாற்பத்து மூன்றில் மரணம்.

இதைச் சொல்லி ஓட்டத்தையே கேலி செய்கிறவர்கள் இன்றும் உண்டு. ஓடியதால்தான் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தார் என்று பதில் சொல்பவர்களும் உண்டு. வேலைக்குப் போகும் நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: குடும்பச் சரித்திரத்தை ஷூ துடைத்துவிடாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ ஐம்பத்தைந்துக்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ அறுபத்தைந்துக்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், புகைப்பவர்கள், இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சு இறுகுகிறவர்கள், எப்போதாவது மயங்கி விழுந்தவர்கள் எல்லோருக்கும் இதே வரிசைதான். ஈசிஜி போதுமா, எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ‘சின்ன வயசுதானே’ என்ற சமாதானம் நமக்குப் பொருந்தாது.

சுகருக்கு இன்சுலினோ, சுகரை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் ஓடும்போது சுகர் தாழ்ந்து போகலாம். பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும். ஓடி முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வலிக்காது.

ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை வந்தால் அந்த இடத்திலேயே நின்று 108ஐக் கூப்பிடுங்கள். ‘கேஸ் டிரபிள்’ என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போகக் கூடாது.

வாரத்தில் மூன்று நாள் போதும்

ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் புதியவர்களுக்காக ஒரு ஒன்பது வாரத் திட்டம் போட்டார். சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு என்று பொருள்படும் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது அது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாற்றி மாற்றி இருபது நிமிடம். ஒன்பதாவது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம். இதைவிட எளிய திட்டம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன்: ஒன்பதைப் பதினெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு தடவை செய்தால்கூட யாரும் எஸ்கலேஷன் மெயில் அனுப்பப் போவதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டியவர்கள் முதல் ஒரு மாதம் ஓடவே வேண்டாம். தினம் அரை மணி வேகநடை நடந்து, அது அலுக்கத் தொடங்கியதும் 60 விநாடிக் கணக்கை ஆரம்பிக்கலாம்.

மூன்று நாளையும் சேர்ந்தாற்போல வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளி, சனி, ஞாயிறு ஓடிவிட்டு நாலு நாள் சும்மா இருப்பது ஆபீஸ்காரர்களின் வழக்கம். உடற்பயிற்சிக்குப் பிறகு தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும் தன்மை ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரைதான் நீடிக்கும். சுகருக்காக ஓடுகிறவர்கள் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. செவ்வாய், வியாழன், ஞாயிறு என் பரிந்துரை. திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் நாள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடினமான உழைப்பு. மூன்று நாள் ஓட்டத்தோடு பஸ் ஸ்டாப் நடையையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது?

காலண்டரில் இருக்கிறது. நீங்கள் போடவில்லையென்றால் வேறு யாராவது அங்கே ஒரு மீட்டிங் போடுவார்கள்.

ராத்திரி பத்தரைக்கு அமெரிக்காவோடு கால், காலை எட்டரைக்கு இங்கே ஸ்டாண்ட்அப் என்று இருப்பவரிடம் ‘சீக்கிரம் எழுந்திருங்கள்’ என்பது அறிவுரையே இல்லை. அவருக்குத் தேவை மேனேஜரோடு இரண்டு நிமிடப் பேச்சு. பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை, கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற பயம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“மேடம், ஒரு விஷயம். டாக்டர் சுகர் பார்டர்னு சொல்லிட்டார். செவ்வாயும் வியாழனும் மட்டும் எட்டரை ஸ்டாண்ட்அப்ப ஒன்பதேகாலுக்கு மாத்திக்க முடியுமா? முந்தின நாள் ராத்திரியே என் அப்டேட்ட குரூப்ல போட்டுடறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“மூணு மாசம் பார்க்கலாம் மேடம். வேலை எங்கயாவது இடிச்சா நானே பழையபடி மாத்திக்கறேன்.”

காரணம், குறிப்பிட்ட இரண்டு நாள், மாற்று ஏற்பாடு, ஒரு காலவரை. நாலும் இருந்தால் மறுப்பது கஷ்டம். ‘ஒர்க் லைஃப் பேலன்ஸ்’ என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள், பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

இரவு ஷிப்ட்காரர்கள் விடியற்காலை கேபிலிருந்து இறங்கியதும் ஓடப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். முதலில் தூக்கம். மத்தியானம் எழுந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, வெயில் இறங்கியபின் ஐந்தரைக்கு ஓடிவிட்டுக் குளித்துக் கிளம்பலாம். எந்த ஷிப்டானாலும் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நாளில் ஓட்டம் ரத்து. நடந்துவிட்டு வாருங்கள்.

காலை ஐந்தரை மணி ஓட்டத்தைப் பற்றி உற்சாகமாக எழுதும் ஆண்கள், அதே நேரத்தில் வீட்டுக்குள் யார் குக்கர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எழுதுவதில்லை. வேலைக்குப் போகும் பெண் ஓட வேண்டுமென்றால் வாரத்தில் மூன்று காலை, டிபனும் பிள்ளைகளின் டப்பாவும் வேறு கைக்கு மாற வேண்டும். “நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்று கணவர் சொன்னால் மட்டும் போதாது. முந்தின ராத்திரியே சட்னிக்குத் தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். மாமியார் ஏதாவது சொன்னால் அதற்குப் பதில் சொல்வதும் கணவர் வேலைதான். பெண்களுக்கு இன்னும் இரண்டு. ஷூவில் மிச்சம் பிடித்தாலும் ஸ்போர்ட்ஸ் பிராவில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், எவ்வளவு மெதுவாகப் போனாலும் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்பு இல்லாமல் மனத்தில் மட்டும் இருந்து பயனில்லை.

எங்கே ஓடுவது

வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கும் இடம்தான் நல்ல இடம். அதற்கு மேல் போனால் பைக்கை எடுக்கும் அலுப்பிலேயே பாதி நாள் கழிந்துவிடும். சென்னை என்றால் மெரினா நடைபாதை, பெசன்ட் நகர், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் இருக்கிறது, அவர்கள் பொறாமைக்குரியவர்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாவட்டத்து எட்டு கிலோமீட்டர் நடைபாதை எங்கே என்று விசாரியுங்கள். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் இப்படி ஒரு பாதையைத் தமிழக அரசு ஏற்படுத்தியது. கடற்கரையில் ஓடுபவர்கள் நடைபாதையிலேயே ஓடுங்கள். தளர்ந்த மணல் மெத்தை மாதிரித் தெரியும், குதிகாலுக்கு மேலேயுள்ள தசைநாணைத்தான் பதம் பார்க்கும்.

ரோட்டில்தான் ஓட வேண்டுமென்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. காதில் பாட்டு ஒரு பக்கம் மட்டும்.

நாய்கள். இந்தப் பகுதியைச் சேர்க்காத ஓட்டக் கட்டுரை நம் ஊருக்கானது அல்ல. நாய் துரத்தினால் ஓடாதீர்கள், அது உங்களைவிட நன்றாக ஓடும். நில்லுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காமல், முதுகைக் காட்டாமல், மெல்ல நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசியைத் தொடங்க வேண்டும். ஸ்டாண்ட்அப் மீட்டிங் காத்திருக்கும்.

வெயில் பற்றி ஒன்று. மே மாதச் சென்னையில் விடியற்காலையே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அதோடு கடற்காற்றின் ஈரம். வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள். தலை சுற்றினாலோ, உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தாலோ நிழலுக்குப் போய் உட்காருங்கள். ஓடி வந்தபின் உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்ல பானம் எந்த பாட்டிலிலும் இல்லை. பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அபார்ட்மென்ட் படிக்கட்டு இருக்கிறது. மழை விட்ட நேரத்தில் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடப்பவர்களோடு சேர்ந்துகொண்டாலும் தவறில்லை.

வலி எதைச் சொல்கிறது

‘ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்’ என்று சொல்லாத உறவினர் இல்லை. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசலில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக ஓடும் வீரர்களில் 13.3 சதவீதம். அளவோடு ஓடுகிற முட்டிதான் மூன்றிலும் நன்றாக இருக்கிறது. அடுத்த கல்யாண வீட்டில் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனாலும் வலி வரும். இரண்டு காலிலும் சமமாக, தசையில் பரவலாக, இரண்டு நாளில் போய்விடும் வலி என்றால் கவலையில்லை. ஒரே காலில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். முன்னங்கால் எலும்பில் அப்படி ஒரு புள்ளி வலித்தால் எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம், எலும்பு டாக்டரிடம்தான் போக வேண்டும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்றால் பாதத்தின் அடிச்சவ்வு பிரச்சினை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவதும் பலருக்கு உதவுகின்றன. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

இதெல்லாம் வராமல் தடுக்க ஆபீசிலேயே வேலை இருக்கிறது. காபி மெஷின் முன்னால் நிற்கும்போது இருபது தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள். சக்கரம் வைத்த நாற்காலியில் வேண்டாம்.

ஷூ விஷயம் சுருக்கமாக. விலை கூடினால் காயம் குறையும் என்று நினைக்காதீர்கள். ஓடுவதற்கென்றே செய்த, போட்டவுடனே கால் சுகமாக உணர்கிற, முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்கிற எதுவும் சரி. சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். பூ டிசைன் தேய்ந்து அடி வழுவழுப்பானால் அதை ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எடை மெஷினை நம்பாதீர்கள்

ஒரு கிலோமீட்டர் ஓடினால் உங்கள் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 75 கிலோக்காரர் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 225. திரும்பும் வழியில் நெய் மினுங்கும் பொங்கலும் ஒரு வடையும் சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஓட்டத்தை மட்டும் வைத்து எடை குறைவது நத்தை வேகம்தான். அதையே அளவாக வைத்துக்கொண்டவர்கள்தான் ‘ஓடியும் ஒண்ணும் நடக்கல’ என்று நிறுத்துகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி என்ற சுகர் டெஸ்ட், வாரம் ஒரு தடவை பிரஷர், காலையில் கண் விழித்ததும் நாடித் துடிப்பு, இவற்றைக் குறித்து வையுங்கள். எடை அசையாத மாதங்களிலும் இவை அசையலாம். மதியம் மூன்று மணி மீட்டிங்கில் கண் சொக்குவது குறைந்தால் அதையும் வரவில் எழுதிக்கொள்ளலாம்.

ஓடினால் பதவி உயர்வு கிடைக்கும் என்று பேசுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் உடனே எடுத்துக்காட்டுவது நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, டிசிஎஸ்ஸின் தலைமை நிர்வாகியாகி, 2017இல் டாடா சன்ஸின் தலைவரான என். சந்திரசேகரனை. நாற்பதைத் தாண்டியபின் ஓடத் தொடங்கி நியூயார்க், பாஸ்டன் மராத்தான்கள் வரை ஓடியவர் என்பது உண்மைதான். ஓடியதால் தலைவரானார் என்பது கதை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய காலண்டரை: அவ்வளவு நெருக்கடியிலும் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்திருக்கிறது. எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிவது, சென்னையின் முன்னாள் மேயரும் 2021இல் சுகாதாரத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன். சர்க்கரை நோயும், விபத்தில் அடிபட்ட முழங்காலும் இருந்தும் நடுவயதில் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்திருக்கிறார்.

இவர்களைப் பார்த்து உற்சாகம் வந்த அதே வாரத்தில் ஹெச்ஆரிடமிருந்து ‘கார்ப்பரேட் 10கே’ மெயில் வரும். பதிவுக் கட்டணம் கம்பெனியுடையது, டி-ஷர்ட் இலவசம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. டீமே பெயர் கொடுத்துவிடும். உங்களால் ஐந்து கிலோமீட்டரை, போனில் பேசும் வேகத்தில், நிற்காமல், ஒரு மாதமாக ஓட முடிகிறதா? முடிந்தால் ஐந்து கிலோமீட்டர் பிரிவில் பெயர் கொடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் கொடுக்கும் மேஜையில் தன்னார்வலராக நில்லுங்கள், டி-ஷர்ட் அங்கேயும் கிடைக்கும். பத்து கிலோமீட்டரை அடுத்த வருடம் பார்க்கலாம். டீமுக்குள் ஆப்பில் யார் எத்தனை கிலோமீட்டர் என்று பட்டியல் ஓடினால் முதல் ஆறு மாதம் அதிலிருந்து வெளியே இருங்கள். டார்கெட் பின்வாசல் வழியாக வருவது அப்படித்தான்.

விட்டுப்போனால்

கண்டிப்பாக விட்டுப்போகும். ரிலீஸ் வாரம், பிள்ளைக்குப் பரீட்சை, ஊரில் கோயில் கொடை. ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டால், திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டால் மறுபடியும் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. விட்டதைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடுவது கூடவே கூடாது. காய்ச்சல் வந்தால் கணக்கு வேறு: காய்ச்சல் முழுதாக விட்டு ஒரு வாரம் போகட்டும், பிறகு சில நாள் நடை, அப்புறம்தான் ஓட்டம். டெங்குவாக இருந்தால் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரையே கேளுங்கள். வெளியூர் வேலை என்றால் ஷூவைப் பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள், பெட்டியில் இடமும் மிச்சம். போய்ச் சேர்ந்ததும் ஓட எங்கே இடம் என்று லாட்ஜ் வாட்ச்மேனிடம் கேட்டால் போதும், நாய் எந்தத் தெருவில் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.